பேரைத்தானே போடக்கூடாதுன்னீங்க

ஒரு புத்தகத்தைப் போடலாமா வேண்டாமா என்று இந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் நீங்கள் கூடிப் பேசும்போது முதலில் கேட்பது, எழுதியவரை இணையத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பது. தப்பில்லை. எங்கள் காலத்தில் அரசு நூலக ஆர்டர் கிடைக்குமா என்று கேட்டோம், அதுவும் ஒன்றும் இலக்கியக் கேள்வி இல்லை. ஆனால் அந்தப் பின்தொடர்கிறவர்கள் யார், எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று உங்களில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நாங்களும் கேட்கவில்லை. அதனால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது.

நான் வேலை பார்த்த பதிப்பகம் மதுரையில் மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கோலப் புத்தகம், ஸ்லோகப் புத்தகம், பத்தாம் வகுப்பு கைடு, இவைதான் எங்கள் சரக்கு. முதலாளி சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். எங்களிடம் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் வீட்டு மொழிக்குப் போய்விடுவார். அவர் என்ன திட்டினார் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் யாரும் மனம் நொந்து வேலையை விட்டதில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பதிப்பாசிரியர் என்று அட்டை அடித்துக் கொடுத்த பிறகும் அங்கே எல்லாருக்கும் நான் டீச்சர்தான்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. விடுமுறைக்கு ஊர் வந்த ஆட்கள் எங்கள் கடைக்கு வந்து, அச்சில் வராத ஒரு புத்தகத்தைக் கேட்டார்கள். "மாடிப்படி எழுதினது இருக்கா?" என்றார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் கேட்டார், கனடாவிலிருந்து வந்தவர் கேட்டார். மாடிப்படி என்று ஒரு எழுத்தாளரா என்று நான் கேட்டதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர், அது இணையத்தில் வரும் வலைப்பதிவு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து படித்தேன். பக்கத்துத் தடுப்பில் யாரோ கம்ப்யூட்டர் விளையாட்டில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி என்பவர் ஒரு அரசு அலுவலகத்தில், மாடிப்படிக்கு அடியில் போட்ட மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். அந்த ஆபீசைப் பற்றித்தான் எழுதுவார். மனுக்கொடுக்க வந்த கிழவர் மூன்று பிரிவுகளுக்கு நடந்து, கடைசியில் முதலில் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்ததை எழுதியிருந்தார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சுடுவது கொஞ்ச நேரம் நின்றது.

அதில் ஒரு பதிவு ரொம்பப் பிரபலம். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மேசைக்கென்று ஒரு சுழல் நாற்காலி அரசாங்கத்தில் வாங்கிக் கொடுத்தார்கள். வந்த வாரமே மேலதிகாரி அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மாடிப்படி பழைய மர ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். இவ்வளவுதான் பதிவு. அதன் கீழே நூற்றுக்கணக்கான பின்னூட்டங்கள். எல்லாரும் சிரிக்க, 'தென்றல்' என்ற பெயரில் ஒரு ஆள் மட்டும் சிரிக்காமல் எழுதியிருந்தார்: "தகவல் பிழை. நாற்காலி பழுதுபார்க்கவே கொண்டுசெல்லப்பட்டிருக்கும்." யாரோ கிண்டல் செய்ததும் மறுபடி வந்து அதையே எழுதினார். எந்தப் பதிவை எடுத்தாலும் கடைசியில் தென்றல் வந்து ஒரு தகவல் பிழையைச் சுட்டிக்காட்டியிருப்பார். இப்படிப்பட்ட ஆட்களை உங்களுக்கும் தெரியும்.

நான் மின்னஞ்சல் எழுதினேன். ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. நேரில் வந்தவரைப் பார்த்ததும் யாரோ கோலப் புத்தகம் வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முப்பது வயதுப் பெண். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோக, கருணை அடிப்படையில் அந்த வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் வயதான அம்மா, பள்ளிக்கூடம் போகும் மகள். இணையத்தில் எல்லாரும் மாடிப்படியை ஓய்வுபெறப் போகும் ஆண் என்று நினைத்து 'மாடிப்படியார்' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஆபீசுல தெரிஞ்சா என் வேலை போயிரும்க்கா. அனுமதி வாங்காம எழுதுறதே தப்பு. நான் ஆபீசைப் பத்தியே எழுதுறேன். பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாது" என்றார்.

முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "உங்க பேரு என் வாயில இருந்து கூட வராதும்மா."

அவர் சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பேச்சு முடிந்ததும் எங்கள் பதிப்பக வழக்கப்படி அந்தப் பெண்ணுக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, முதலாளி பக்கத்தில் நிற்க, ஒரு போட்டோ எடுத்தோம். எந்த எழுத்தாளர் வந்தாலும் எடுப்போம். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

புத்தகம் அச்சானது. ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. எழுத்தாளர் வரமாட்டார் என்பது எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பழங்காநத்தத்தில் பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சுவரில் ஒரு போஸ்டர் போனது. அடுத்த சுவரில் இன்னொன்று. மூன்றாவதை முழுதாகப் படிக்க முடிந்தது.

"யாரென்றே தெரியாத எழுத்தாளர்! மறைந்திருந்து எழுதும் எங்கள் மாடிப்படியே, வருக! வருக!"

நடுவில் பொன்னாடையோடு அந்தப் பெண்ணின் படம், ஆள் உயரத்தில் பாதி இருக்கும். கீழே இரண்டு ஓரத்திலும் முதலாளி படமும், போஸ்டர் அச்சிட்ட அவருடைய மைத்துனர் படமும்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதுரையில் காது குத்தினாலும் போஸ்டர், கட்சி மாறினாலும் போஸ்டர், ஆள் போய்ச் சேர்ந்தாலும் போஸ்டர். அதில் முகம் இல்லாவிட்டால் அது போஸ்டரே இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

பஸ்ஸிலிருந்தே செல்போனில் கூப்பிட்டேன். மாடிப்படி எடுத்தார். பின்னால் வண்டிச் சத்தம்.

"ஆபீசுக்குக் கல்லுப்பட்டி பஸ்ஸுல போய்க்கிட்டிருக்கேன்க்கா. வழி நெடுக நானே என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருக்கேன்." கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "வேலை போச்சுன்னா, அம்மாவையும் பிள்ளையையும் வச்சுக்கிட்டு நான் எங்கக்கா போவேன்?"

எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். அதைப் பற்றி எனக்கு இப்போதும் வெட்கமில்லை.

கடையில் மைத்துனர் உற்சாகமாக உட்கார்ந்திருந்தார். சிம்மக்கல்லில் அச்சகம் வைத்திருப்பவர், நல்ல மனிதர். நான் கத்தியது அவருக்குப் புரியவே இல்லை.

"பேரைத்தானே டீச்சர் போடக்கூடாதுன்னீங்க? பேரு எங்கயாச்சும் இருக்கா, பாருங்க. எம்புட்டுக் கவனமா பாத்துப் பாத்து அடிச்சிருக்கேன்."

"படம் போட்டிருக்கீங்களே!"

"படம் போடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே. படம் இல்லாம போஸ்டர் அடிச்சா பாக்குறவன் என்ன நினைப்பான்? இரங்கல் போஸ்டருக்கே படம் போடுறோம்."

முதலாளி என்னைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார், பிறகு தன் மொழிக்குப் போய்விட்டார். மைத்துனருக்கு அந்த மொழி தெரியும். அவர் முகம் மாறியதிலிருந்து எங்களுக்கும் ஓரளவு புரிந்தது.

ஆட்களை அனுப்பிக் கிழித்துவிடலாம் என்றார் மைத்துனர். நான் வேண்டாம் என்றேன். ஒட்டிய போஸ்டரைக் கிழித்தால் மதுரையில் அது செய்தி. கிழிந்த இடத்தில் நாலு பேர் நின்று, யாருக்கு யாரோடு சண்டை என்று கேட்பார்கள். ஆனால் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போன வருடத்து கைடு போஸ்டர் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. பசை வாளியோடு ஆட்கள் கிளம்பினார்கள். மதியத்துக்குள் பரவை மார்க்கெட் தொடங்கித் திருமங்கலம் வரை அந்தப் பெண்ணின் முகத்தின் மேல் "கணிதத்தில் நூற்றுக்கு நூறு" ஏறிவிட்டது.

சுவர் விஷயத்தில் எங்களுக்கு அனுபவம் உண்டு. இணையம் விஷயத்தில் இல்லை. மத்தியானம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மதுரை வாசகர் ஒருவர் காலையிலேயே போஸ்டரைப் படம் பிடித்து ஏற்றியிருந்தார். "மாடிப்படியார் ஒரு பெண்! இதோ அவர்!" என்று தலைப்பு. அதன் மேல் ஒட்ட என்னிடம் எதுவும் இல்லை. அந்தத் தளத்தை நடத்துகிறவருக்கு எடுத்துவிடச் சொல்லி எழுதலாமா என்று யோசித்தேன். பதறி எழுதினால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு கீழே இருந்த பின்னூட்டங்களைப் படித்தேன்.

இரண்டாவது பின்னூட்டம் தென்றல். "அபத்தம். மாடிப்படியார் ஆண். ஓய்வுபெற இரண்டு ஆண்டு உள்ளது. நேரில் அறிவேன்."

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும். அத்தனை பேரும் தென்றல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். வழக்கமாக அவரைக் கிண்டல் செய்கிறவர்கள்கூட, இந்த ஒரு விஷயத்தில் பெரியவர் சொல்வது சரி என்று எழுதினார்கள். அலுவலக அரசியலை இவ்வளவு துல்லியமாக எழுத ஒரு பெண்ணால் முடியுமா என்று ஒருவர் கேட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒருவர், மாடிப்படியாரின் வாக்கியங்களுக்கு மீசை இருக்கிறது என்று நீளமாக ஆராய்ந்து எழுதியிருந்தார். வருடக் கணக்கில் தாங்கள் மனதில் வைத்திருந்த ஆளை ஒரு போஸ்டருக்காக அவர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. சாயங்காலத்துக்குள் முடிவு கட்டிவிட்டார்கள்: விற்பனைக்காக யாரோ ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு மதுரைப் பதிப்பகம் ஒன்று மோசடி செய்கிறது, யாரும் புத்தகம் வாங்காதீர்கள்.

எனக்கு உயிர் வந்தது. முதலாளிக்குப் போனது.

நான் அச்செடுத்துக் கொண்டுவந்ததைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். "எங்கப்பா காலத்துல இருந்து இந்தக் கடையை மோசடின்னு ஒருத்தன் சொன்னதில்ல டீச்சர். பதில் எழுதுங்க. அந்தப் பொண்ணுதான் எழுதுச்சு, பொன்னாடை போட்ட போட்டோ முழுசா எங்கிட்ட இருக்குன்னு எழுதுங்க."

"அண்ணே, அவங்க நம்பாம இருக்கிறதாலதான் அந்தப் பிள்ளைக்கு நாளைக்கும் சோறு."

"அப்ப நான் மோசடிக்காரனா இருக்கணும்ங்கிறீங்க."

"ஆமாண்ணே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அச்செடுத்த தாளை மறுபடி ஒருமுறை படித்தார். பெயர்தான் அவருக்குச் சொத்து. கைடு புத்தகத்தில் ஒரு விடை தப்பானாலே பக்கத்தை மாற்றி அச்சடிக்கச் சொல்கிறவர். கடைசியில், "சரி. பொய் மட்டும் எழுதிராதீங்க" என்றார்.

உங்கள் தொழிலில் ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு பாடுபடலாம் என்று கேட்டால் அன்றைக்கு நான் எழுதியதைத்தான் சொல்வேன். "சுவரொட்டியில் உள்ள படம் தவறுதலாக வெளியிடப்பட்டது. வருந்துகிறோம்." ஒவ்வொரு சொல்லும் உண்மை. இணையத்தில் அதைப் படித்தவர்கள், திருடன் ஒப்புக்கொண்டான் என்று கொண்டாடினார்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழாவுக்கு எங்கள் ஊழியர்களும் மைத்துனரின் உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். முதலாளி எதுவும் நடக்காததுபோல எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்.

அன்று மாலை மாடிப்படி கூப்பிட்டார். "எங்க சார் வெள்ளிக்கிழமை காலையிலயே போஸ்டரைப் பாத்துட்டாராம்க்கா. இப்ப போன் பண்ணி, இது நீதானம்மான்னு கேட்டாரு. படம் எப்படி வந்துச்சுன்னே தெரியாதுன்னுட்டேன். நாளைக்கு உங்க கடைக்கு என்னையும் கூட்டிட்டு வாராராம்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த சார்தான் நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுபோனவர்.

திங்கட்கிழமை அவர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு காகித ஃபைல். மாடிப்படி இரண்டடி பின்னால் தலைகுனிந்து நின்றார். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும்தான்.

"இவங்க எங்க ஆபீஸ் ஸ்டாஃப். இவங்க படத்தை எப்படி நீங்க போஸ்டர்ல போடலாம்? ஒரு பொம்பளப் பிள்ளை நாளைக்கு ரோட்டுல நடக்க வேணாமா?" குரல் சந்து முனை வரை கேட்டிருக்கும்.

முதலாளி கைகூப்பி எழுந்தார். "தப்புதான் சார்."

"தப்புன்னு வாயில சொன்னாப் போதாது. எழுதிக் கொடுங்க. இவங்க அனுமதி இல்லாம இவங்க படத்தை வெளியிட்டதுக்கு வருந்துறோம்னு லெட்டர்ஹெட்ல, சீல் வச்சுக் கொடுங்க. எனக்கு மேல இருக்கிறவங்க கேட்டா காட்ட ஒரு பேப்பர் வேணும்."

அதுவும் உண்மைதான், அனுமதி வாங்கவில்லை. நான் எழுதினேன். எழுதும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் போட்டோ எடுத்தது முதலாளி மேசைக்குப் பின்னால் இருக்கும் பச்சைச் சுவருக்கு முன்னால். போஸ்டரிலும் அதே பச்சை, அதே ஆணியில் அதே காலண்டர். அதிகாரி அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். படம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. கடிதத்தை வாங்கி, படித்து, ஃபைலில் வைத்துக் கட்டினார்.

பிறகு அலமாரியிலிருந்து மாடிப்படியின் புத்தகத்தை எடுத்து விலை கேட்டார்.

பயம் விலகிய சந்தோஷத்தில் முதலாளிக்குப் பழக்க தோஷம் வந்துவிட்டது. "எழுத்தாளர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிறேன் சார்" என்றார். மாடிப்படி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"வேணாங்க. கையெழுத்து இல்லாம இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது" என்றார் அதிகாரி. மாடிப்படியிடம் திரும்பி, "நீ போய் ஒரு ஆட்டோ பாரும்மா, வாரேன்" என்று அனுப்பினார். அந்தப் பெண் படி இறங்கும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார்.

"இந்த நாற்காலி ரிப்பேருக்குத்தான் போச்சு. எத்தனை தடவை சொல்றது? அடுத்த பதிப்புலயாவது பாத்துப் போடுங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி, "யாருகிட்ட எத்தனை தடவை சொன்னாராம்?" என்று என்னைக் கேட்டார். அவர்தான் தென்றல் என்று நான் சொன்னதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சௌராஷ்டிர மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

எங்களுக்கு வாசகர்கள் கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். அதில்தான் எங்களுக்குப் பெருமை. ஒரு பதிவு விடாமல் படித்த வாசகரோ, அந்தப் பெண்ணின் மேசைக்கு மேலே, அதே மாடிப்படி ஏறிப் போகிற அறையில் உட்கார்ந்திருந்தார். தன்னைக் கேலி செய்ததையும் படித்தார், சண்டை போட்டார், காட்டிக்கொடுக்கவில்லை. இணையத்தில் யாரும் யாரையும் நம்பாத அந்த வெள்ளிக்கிழமை அவர் சொன்ன பொய்யை மட்டும் நம்பினார்கள்.

மாடிப்படியிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் முதல் அவர் அதிகாரி மனம் நோகாத பதிவுகளாக எழுத ஆரம்பித்திருப்பார், அப்புறம் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதிகாரி ஓய்வுபெற்று வெகு நாளாகிவிட்டது. இனி தெரிந்தால் பரவாயில்லை. இந்தக் கதையை எழுதலாமா என்று மாடிப்படியிடம் கேட்டேன். எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றார். படம் போடலாமா என்று தனியாக ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். கூடாது. நீங்களும் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அதிகாரி ஓய்வுபெறும் முன்பே இரண்டாம் பதிப்பு வந்தது. அப்போது நாற்காலி பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எதற்கு என்றார். ஒரு வாசகர் கேட்கிறார் என்றேன்.

"அந்தத் தென்றலா? அந்த ஆளு விடவே மாட்டாரா?" என்று சிரித்துவிட்டு, "நாற்காலி பழுதுபார்க்கப் போனதாகவும் ஒரு பேச்சு உண்டு. எப்போது திரும்பும் என்றுதான் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டாம் பதிப்பு வெளியான மறுவாரம் மாடிப்படி ஒரு சின்னப் பதிவு போட்டார். காலையில் ஆபீசுக்குப் போனபோது தன் மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலி இருந்தது, தூசி துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு யாரோ வைத்திருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். கீழே வழக்கம்போல நூற்றுக்கணக்கான பின்னூட்டங்கள். கடைசிவரை இறங்கிப் பார்த்தேன். தென்றல் எதுவும் எழுதியிருக்கவில்லை.